சேனலில் வரும் தம்பி

கைப்பேசி டிங் என்றதும் ஏசி மெக்கானிக்கை அந்தரத்தில் விட்டுவிட்டு அக்கா திரையைப் பார்ப்பார். ஏணி மேல் நிற்கும் அவர், "அக்கா, கேஸ் ஏத்தவா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அந்த அலுவலகத்தின் ஏசி ஓடிய நாளைவிட மக்கர் செய்த நாளே அதிகம் என்பதால் அவருக்கும் இது பழகிப்போன சங்கதி.

நிரல் எழுதும் பிள்ளைகள் தங்கள் வேலையைக் கணினியின் பொதுக் கிடங்கில் ஏற்றும்போதெல்லாம், இன்னார் இன்னதை மாற்றினார் என்று ஒரு வரி தானாகவே அலுவலகச் சேனலில் வந்து விழும். அக்காவுக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. பெயரை மட்டும் பார்ப்பார். தம்பி பெயர் என்றால் முகம் மலரும். வேறு பெயர் என்றால், "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு ஏணிப் பக்கம் திரும்புவார்.

அக்கா அங்கே நிர்வாகம். நாற்காலிச் சக்கரம் கழன்றாலும் அவர்தான், புதிதாகச் சேர்ந்தவரைச் சேனலிலும் கிடங்கிலும் சேர்த்துவிடுவதும் அவர்தான். "பாஸ்வேர்ட மறந்துட்டு வர்றவன வாசல்ல நிக்க வைக்கக் கூடாது" என்பார். அதனால் எல்லாச் சாவியும் அவர் கையில். அவற்றால் எதையெல்லாம் திறக்கலாம் என்பது அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் நினைவில்லை.

இயக்குநர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கூடப் பிறந்த தம்பி மட்டும் மேடம் என்கிறான். தனக்குப் பிடித்த பெண்ணை அவன் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, "இவ நமக்குச் சரிப்பட மாட்டா" என்று அந்தப் பெண்ணின் காதுபடவே அக்கா சொல்லிவிட்டார். வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்வது? அவளையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவன், வீட்டில் இருந்தபடியே இதே நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறான். அக்காவின் போனை எடுப்பதில்லை. "மேடம், நாளை லீவு" என்ற ஒற்றை வரியோடு சரி. அவன் எழுந்தானா, தெம்பாக இருக்கிறானா என்பதெல்லாம் சேனல் சொன்னால்தான் உண்டு. அவன் ஏற்றியது சோதனையில் தேறாமல் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. பச்சை வந்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

சென்ற வாரம் தம்பி சேனலில் இருந்து காணாமல் போனான். மற்றவர்கள் பெயரெல்லாம் வந்தது, அவன் பெயர் மட்டும் இல்லை. அக்கா போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசியில் டீம் லீடர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி பேரே வரலியேப்பா. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காருக்கா. காலையில மீட்டிங்ல பேசினாரே! டிங் டிங்னு சத்தம் தாங்கல, அதான் செட்டிங்க மாத்திட்டேன். இனிமே மெயின்ல, அதாவது நம்ம சைட்டு ஓடுற அசல்ல, சேர்ந்தாதான் சேனல்ல வரும். அவர் தனி பிராஞ்ச்ல வேலை பார்க்கிறாரு."

"அந்த ஊர்ல நமக்கு ஏதுப்பா பிராஞ்ச்?"

"ஐயோ அக்கா! அவர் செஞ்சது ஓரமா, தனியா இருக்கு. யாராவது பார்த்து ஓகே சொன்னா மெயின்ல சேர்த்துடுவோம்."

"அப்போ இத்தன நாளா யாருமே பார்க்கலையா?"

"பார்க்கணும்க்கா. நேரம் எங்க இருக்கு?"

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓரமா, தனியா என்ற இரண்டு சொற்கள் மட்டும் நெஞ்சில் தைத்தன. இருக்கைக்கு வந்து, தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுக் கிடங்கைத் திறந்தார். தம்பியின் வேலை அங்கே காத்துக் கிடந்தது. பள்ளிக்கூட விடைத்தாளைப் பார்ப்பதுபோல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடி வரைக்கும் பார்த்தார். யாராவது பார்த்தால் போதும் என்றுதானே டீம் லீடர் சொன்னார்? பார்த்தாயிற்று. கீழே பச்சையாக ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினார்.

டிங். தம்பியின் மாற்றத்தை அக்கா மெயினில் சேர்த்தார் என்று சேனல் சொன்னது. இரண்டு பெயரும் ஒரே வரியில் வந்ததைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நிமிடம் மூலையில் இருந்து சத்தம். "யாருப்பா சேர்த்தது? சைட்டே படுத்துடுச்சு!" டீம் லீடர் ஓடி வந்தார்.

"நான்தாம்ப்பா" என்றார் அக்கா. "பட்டன் பச்சையாத்தான இருந்துச்சு?"

டீம் லீடர் தலையில் கைவைத்தார். சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடியும் டிங். தம்பி பெயர். சேர்த்ததைத் திரும்ப எடுத்திருந்தான். காரணம் எழுதும் இடத்தில் இருந்தது: "வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. அதுக்குள்ள சேர்த்தாச்சு. அக்கா, புரியாம எதையும் தொடாத."

"சைட்டு வந்துடுச்சு, விடுங்க" என்றார் டீம் லீடர். "அந்த பட்டன உங்க கணக்குல இருந்து எடுத்துடறேன், சரியா?"

அக்கா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஏணியடிக்குப் போய், அன்றும் மேலே நின்ற மெக்கானிக்கிடம் போனை உயர்த்திப் பிடித்தார்.

"இதக் கொஞ்சம் படிங்களேன்."

மற்றதையெல்லாம் கட்டைவிரலால் மறைத்து, ஒரு சொல்லை மட்டும் வெளியே விட்டிருந்தார்.

"அக்கா" என்று படித்தார் மெக்கானிக்.