சீசன் முடியட்டும் என்ற ஏட்டையா

தென்காசியில் கண் மருத்துவ உதவியாளராக இருந்த காலத்தில் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டிய சொல், 'அப்புறம் பாப்போம்.'

நான்கு வயது நந்தினியை அவள் அம்மா மாரியம்மாள் கூட்டி வந்தாள். செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். ஃபிளாஷ் பட்டு ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகவும், மற்றது வெள்ளையாகவும் இருந்தது.

"பூனைக்கண்ணு மாதிரி மின்னுது மேடம். அவ அப்பா, வெளிச்சம் பட்டிருக்கும்னு சொல்லுதாவ."

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும்தான் அதிகம். பாப்பாவை இப்படி வெள்ளையாகக் காட்டும் விழித்திரைக் கட்டி அபூர்வம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிள்ளை உயிர் பிழைக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, அதுவாக இருக்கலாம் என்று அன்றே மதுரைக்கு ரெஃபர் எழுதினார்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தால், போகவே இல்லையாம். நந்தினியின் அப்பா ஹெட் கான்ஸ்டபிள். குற்றாலத்தில் சீசன் டூட்டி. எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஏறிப் போனேன். அருவிக்கரையில் சாரலில் நனைந்துகொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டையா, ஏன் இன்னும் போகல?"

"லீவு தர மாட்டேங்குதாவ மேடம். சீசன் முடியட்டும்."

"கேட்டீயளா?"

தலை குனிந்தார். "கேக்கல. போனா கண்ண எடுத்துருவாவன்னு பயமா இருக்கு."

"கண்ண எடுத்தாலும் புள்ள இருப்பா. நீங்க இங்கனயே நின்னா புள்ளையே போயிருவா."

மறுநாளே போனார்கள். கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, கட்டி வெளியே பரவவில்லை.

செயற்கைக் கண் வைத்தபிறகு செக்கப்புக்கு வந்த நந்தினி நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்னம்மா என்று மெல்லக் கேட்டேன்.

"என் கண்ணு எப்ப திரும்பி வரும்? ஊசி போட்டா வந்துரும்னு அம்மா சொன்னா. நான் சாப்பிடாம அடம் புடிச்சேன்ல, அதான் சாமி எடுத்துக்கிட்டாராம். சித்தி சொன்னா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவும் அம்மாவும் சுவரைப் பார்த்தார்கள். நானே அவளிடம் சொன்னேன்.

"கண்ணுக்குள்ள கெட்ட கட்டி வந்துச்சு. அது ஒன்னைய ஒண்ணும் செஞ்சிரக் கூடாதுன்னு டாக்டர் எடுத்தாரு. பழைய கண்ணு திரும்ப வராது. நீ செஞ்ச எதுனாலயும் இது வரல."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாப்பா?"

அவர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "நெசந்தாம்மா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

பிள்ளையை மதுரைக்குப் போக வைத்ததோடு நம் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதன்பிறகு இப்படி எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் பிள்ளையிடம் கேட்பேன்: "ஒனக்கு என்ன வந்திருக்குன்னு வீட்டுல யாராச்சும் சொன்னாவளா?" பெற்றோரைத் திட்டுவதா வேண்டாமா என்பதை அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்வேன்.