முனியாண்டியிடம் நான் சொன்னது

கொக்கின் எச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுக் குப்பியில் போடுவதுதான் வேலை என்று சொன்னால் எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. மலேசியாவில் இந்தக் கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து குளம் குளமாக அலைகிறேன். நீர்ப்பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை இருந்ததே இல்லை. இல்லை என்று எழுதத்தான் இத்தனை குளிரும் அட்டைக்கடியும். அலுத்துவிட்டது.

ஒரு மழைக்காலத்தில், கோலா தெர்லாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் கானாங்கோழிகள் செத்து மிதந்தன. கரையிலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. செத்தவற்றிலிருந்து மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மலைக்குக் கீழே ஆய்வுக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை லயத்துக் கோழிகளை அறுக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது, அடைத்தே வைக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

கடைசி வீட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இருந்தார். வாசலில் கூடையைக் கவிழ்த்து ஒரு கறுப்புச் சேவலை அடைத்திருந்தார். உள்ளே அவர் கணவர் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

“இது முனியாண்டிக்கு நேந்துவிட்டது சார். போன தடவ இவரு ஆஸ்பத்திரிலேருந்து பொழச்சி வந்ததுக்கு. மழையில தள்ளித் தள்ளிப் போயிடுச்சி. இப்பத் திரும்ப இழுக்குது. ஞாயித்துக்கெழம குடுத்துடணும்.”

“ரிசல்ட் வரட்டும்க்கா. அதுவரைக்கும் அறுக்கக் கூடாது.”

“எப்ப வரும்?”

எனக்கே தெரியாது. பிரிஞ்சாங் சந்தையில் வேறு சேவல் வாங்கித் தருகிறேன் என்றேன். “சாமிகிட்ட காட்டுனது இதத்தான். மாத்துனா ஏமாத்துற மாதிரிலா” என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். “போயிட்டுத்தான் இருக்கோம். மருந்து ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க.”

நான் திரும்பி நடந்தேன். கூப்பிட்டார்.

“அப்ப நீங்களே வந்து சாமிகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனைக்கும். நீங்க கவர்மெண்டு.”

எரிச்சலாக வந்தது. பார்க்க வேண்டிய குளங்கள் இன்னும் பாக்கி. இதுவும் என் தலையெழுத்தா என்று நினைத்தேன். ஆனால் உள்ளே அந்த மூச்சு விட்டு விட்டு இழுத்தது. போனேன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மரத்தடி, ஒரு சூலம், எரிந்து முடிந்த சுருட்டு. பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈரக் காலுறையோடு அக்கா பக்கத்தில் நின்றேன். கிருமியைப் பற்றி ஊராருக்கு எடுத்துச் சொல்லப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சாமிக்குச் சொல்லக் கொடுக்கவில்லை. “சேவல நிறுத்தி வெச்சது நான்தான். அக்கா மேல தப்பு இல்ல” என்றேன்.

“சத்தமா சொல்லுங்க சார். ரோட்டுல லோரி போவுது.”

மறுபடி உரக்கச் சொன்னேன். சொல்லும்போதே, நினைக்காத ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. “அவரு மேல கை வைக்காதீங்க. கோவம் இருந்தா என்மேல காட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. கானாங்கோழிகள் வேறு எதனாலோ செத்திருக்கின்றன, அது என் இலாகா இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் நானே கார் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அக்காவின் கணவர் இறந்துவிட்டாராம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ரிசல்ட் வந்திடுச்சா?” என்று கேட்டார்.

“நோய் இல்லக்கா.”

தலையாட்டினார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு. “என்மேல கோவமாக்கா?” என்று கேட்டேன்.

“உங்கமேல என்ன சார் கோவம். நான் பக்கத்துலதான நின்னேன். நீங்க நல்லாத்தான் சொன்னீங்க.” சேவல் இருந்த கூடையைக் காட்டினார். “அதத் தொறந்து விட்டுடுங்க. இனிமே நான் அத யாருக்கும் குடுக்கப் போறதில்ல.”

கூடையைத் தூக்கினேன். சேவல் சிறகை உதறிக்கொண்டு குளத்துப் பக்கம் போனது.