பின்வரிசையில் ஆதி தாளம்

இது உண்மையாக நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திவிட்டுப் போய்ப் படுங்கள். உங்களுக்காவது நல்ல நித்திரை வரட்டும்.

திகதி, 2025 ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. ஹலோவீன் நாள். இடம், தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷ நடையில் உள்ள ஒரு பழைய மண்டபம். பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னமும் அங்கே பிள்ளைகள் நிகழ்ச்சி செய்கிறார்கள். அன்று நான் குடித்தது நான்கு கோப்பி. வேறு எதுவும் குடிக்கவில்லை.

என் பெயர் றமணன். வயது நாற்பத்தெட்டு. ஒல்லாந்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, பிள்ளை இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவன். வீடு, மிட்சம் என்ற ஊரில். அதிகாலை நான்கு மணிக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையில் வான் வண்டிகளில் சாமான் ஏற்றத் தொடங்குவேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போவேன். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் நித்திரை கொள்வதாகக் கேள்வி. மனைவி கௌசிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, பாதி நாட்கள் இரவு ஷிப்ட். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே வாசற்படியில்தான்.

ஒரே மகள் கோசிகா. பதினான்கு வயது. வயலின் வாசிப்பாள். முதலில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கர்நாடக சங்கீதம்தான் படித்தாள். அப்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து தொடையில் தட்டித் தாளம் போடுவேன். சிறுவயதில் ஆறு வருஷம் மிருதங்கம் படித்தவன் நான். அதில் மிஞ்சியது தாளம் மட்டும்தான். பிறகு அவள் பிள்ளைகளின் ஒர்கெஸ்ட்ராவில் சேர்ந்து மேற்கத்திய சங்கீதத்துக்குப் போய்விட்டாள். எனக்கும் இரண்டாவது வேலை வந்தது. தாளம் நின்றுபோனது.

அவளுடைய கடைசி மூன்று நிகழ்ச்சிகளிலும் நான் நித்திரை. மூன்றாவதில் குறட்டையும் விட்டேனாம். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இம்முறை ஹலோவீன் கச்சேரி. கேட்பவர்களைப் பயமுறுத்தும் இசைத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். கடைசித் துண்டில் கோசிகா தனியாக வாசிக்க வேண்டும். பேய்கள் ஆடும் நடனமாம். மூன்று எண்ணிக்கையில் சுழன்று சுழன்று போகும். ஒன்று இரண்டு மூன்று... ஒன்று இரண்டு மூன்று... ஆறு கிழமையாகச் சமையலறையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

பெற்றோல் ஸ்டேஷனில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொண்டு வாசலில் நின்றாள் மகள்.

“அப்பா, ப்ளீஸ். இண்டைக்கு மட்டும் நித்திரை கொள்ளாதேங்கோ.”

“கொள்ளமாட்டன்.”

“ப்ராமிஸ்?”

“ஓம்.”

மாலை 6.40. வெளியே நல்ல இருட்டு. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மண்டபத்தில் பூசணிக்காய் விளக்குகள் மட்டும் எரிந்தன. நான் பின்வரிசையின் மூலைக்குப் போனேன். தப்பித்தவறிக் கண் மூடினாலும் அங்கே யாருக்கும் தெரியாது. ஏமாற்றுக்காரப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

“அண்ணை, அங்கை போகாதேங்கோ. முன்னுக்கு இடம் கிடக்கு.”

றோஸ்மலர். அந்த மண்டபத்தின் சாவிகள் அவரிடம்தான் இருக்கும். பூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

“பரவாயில்லைத் தங்கச்சி.”

“அந்த மூலைக் கதிரையள் சரியில்லை, அண்ணை...”

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யாரோ விளக்குப் பிரச்சினை என்று கூப்பிட, போய்விட்டார்.

அங்கே இருப்பவை சினிமாக் கொட்டகையில் இருக்குமே, அப்படியான கதிரைகள். ஆள் எழும்பினால் இருக்கை தானாக மடிந்து மேலே போய்விடும். வரிசை முழுவதும் மடிந்திருந்தது. எனக்குப் பக்கத்தில், சுவரோரக் கதிரை மட்டும் விரிந்திருந்தது. கையால் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஆள் இருக்கும் கதிரையைத் தூக்குவதுபோல் பாரமாக இருந்தது. இதைத்தான் சரியில்லை என்றாராக்கும் என்று நினைத்துக்கொண்டு அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தேன்.

7.00 மணிக்குக் கச்சேரி தொடங்கியது. இசையில் புயல் ஒன்று வந்தது. பிறகு சூனியக்காரிகள் வந்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள். காலையில் பெட்டிகள் தூக்கிய இடது கை வலித்தது. அந்த வலி நல்லது, முழித்திருக்க உதவும் என்று எண்ணினேன். 7.25க்குக் கண் சொருகியது.

டப்.

முழித்தேன். யாரோ எதையோ தட்டிய சத்தம். பழைய கட்டடம், ஹீட்டர் குழாயாக இருக்கும். மறுபடி கண் சொருகியது.

டப்... ... ... டப்...

பிறகு ஒன்றும் இல்லை.

மீண்டும் அதே. டப்... ... ... டப்...

குழாய்க்குத் தாளம் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு தட்டு. சத்தமில்லாமல் மூன்று விரல் எண்ணுவது. ஒரு தட்டு, கையைத் திருப்புவது. மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்புவது. எட்டு எண்ணிக்கை. ஆதி தாளம். உள்ளங்கை தொடையில் விழும் சத்தம் அது.

ஆனால் கடைசித் தட்டு வரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டோடு நின்றது.

வரிசையைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. முன்வரிசைகளில் வெள்ளைக்காரத் தாய் தகப்பன்மார். ஆதி தாளம் போட அங்கே யார் இருக்கிறார்கள்?

சுவரோரக் கதிரை விரிந்தபடியே இருந்தது.

8.10. எழும்பி முன்னுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. களைப்பா, பயமா, தெரியாது. அந்த நேரம் கோசிகா மேடைக்கு வந்தாள். எலும்புக்கூட்டு முகம் வரிசை வரிசையாக என்னைத் தேடியது. பின்மூலையில் கண்டுபிடித்தாள். சிரித்தாள்.

இனி எழும்ப முடியாது.

8.14. வயலின் தொடங்கியது. ஒன்று இரண்டு மூன்று... ஒன்று இரண்டு மூன்று...

பக்கத்தில் டப்... ... ... டப்...

சேரவே இல்லை. மூன்று எண்ணிக்கைத் துண்டுக்கு எவனாவது ஆதி தாளம் போடுவானா? அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளம் கோசிகாவுக்கு இல்லை. அங்கே கேட்காத வேறு ஏதோ பாட்டுக்கு அது போய்க்கொண்டிருந்தது.

வேர்த்தது. இடது கை பாறாங்கல்லாகக் கனத்தது. கண் இமைகள் தாமாக இறங்கின.

டப்.

இம்முறை என் தொடையில்.

குளிர்ந்த கை. எடை இருந்தது. மூன்று விரல் எண்ணியது. டப். திரும்பியது...

நின்றது.

கத்த வாய் வரவில்லை. மேடையில் என் பிள்ளை.

கண் சொருகினால்... டப்.

திறந்தால்... நின்றது.

8.19. நடனம் முடியப்போகிறது. கண் மீண்டும் இறங்கியது.

டப்... ... ... டப்...

வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

தாளம் போட்டுப் பழகிய கை சும்மா இராது. என்னையறியாமல் என் வலது கை எழும்பியது. அந்தக் கடைசித் தட்டைப் போட்டது.

என் உள்ளங்கை என் தொடையில் படவில்லை.

இன்னொரு கையின்மேல் பட்டது.

தடால்!

சுவரோரக் கதிரை மடிந்து மேலே போனது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அதே கணத்தில் கோசிகா வில்லை இழுத்து முடித்தாள். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். என் கைகள் ஐஸாக இருந்தன.

வெளியில் வந்ததும் அவள் கேட்டது இதைத்தான்.

“அப்பா, ஏன் தாளம் போட்டனீங்கள்? இட்ஸ் இன் த்ரீ! மேடைக்குக் கேட்டது.”

“நான் போடேல்லையம்மா.”

“பிறகு ஆர்? இங்கை வேறை ஆருக்குத் தெரியும்?”

அவளை முகம் கழுவ அனுப்பிவிட்டு றோஸ்மலரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

“ஏழு வருசம் முந்தி, அண்ணை. இதே ஹலோவீன் நிகழ்ச்சி. ஒரு தமிழ் ஆள், வேலையாலை நேரை வந்தவர். அதிலைதான் இருந்தவர். அவற்றை மகளும் வயலின். செத்தவீட்டுக்கு நடக்கிற மாதிரி மெல்லமா ஒரு மார்ச் வாசிச்சது. இவர் தொடையிலை தட்டித் தட்டி இருந்தார். பிறகு தட்டுறது நிண்டிட்டுது. நித்திரை எண்டு நினைச்சம்.”

“மகள்?”

“அதுவும் அப்பிடித்தான் நினைச்சது. கோவத்திலை வெளியிலை போய் நிண்டது. ஒன்பது பத்துக்கு நான்தான் எழுப்பப் போனன்.”

றோஸ்மலர் அந்த மூலைப்பக்கம் பார்த்தார்.

“ஹார்ட்டாம். முகம் நித்திரை மாதிரித்தான். வலது கை மட்டும் தொடையிலை மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை மேலை பார்த்தபடி... ஆரிட்டையோ ஏதோ கேக்கிற மாதிரி.”

றோஸ்மலருக்குத் தாளம் தெரியாது. ஐந்தாவது எண்ணிக்கையில் தட்டி, ஆறாவதில் கையைத் திருப்புவோம். அப்போது உள்ளங்கை மேலே பார்க்கும். ஏழாவதில்தான் அடுத்த தட்டு. அந்த மனிதர் ஆறில் நின்றுவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலை கௌசி சொன்னாள்.

“நித்திரையிலை தொடையிலை தட்டுறியள். ரெண்டு தரம் தட்டிப்போட்டு நிப்பாட்டுறியள். மற்றது வருமோ வருமோ எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறன்.”

“கை எப்பிடிக் கிடக்கு?”

“மல்லாந்து.”

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கை வலிக்கு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இதயத்தைச் சோதிக்க அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். பெற்றோல் ஸ்டேஷனை விடச் சொன்னாள். விடுறன், விடுறன் என்றேன். இன்னும் விடவில்லை.

அன்றிலிருந்து, என் கை நிற்கும்போதெல்லாம் கௌசி என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி முடித்துவைப்பாள். பக்கத்து அறையில் கோசிகாவுக்கும் அது கேட்கும். நாள் முழுக்க முதியவர்களைத் தூக்கிப் புரட்டிய கை. அவளுக்கு என்னைவிடக் களைப்பு. இருந்தும் அந்த ஒரு தட்டுக்காக முழித்திருப்பாள். அதை நினைத்தால் எனக்கு அழுகை வரும்.

நேற்று, அதன்பிறகு முதல்முறையாக, அவளுக்கு இரவு ஷிப்ட். வீட்டில் நானும் கோசிகாவும் மட்டும். பயந்துகொண்டுதான் படுத்தேன்.

அதிகாலை 3.20க்கு அலாரம் அடித்தது. எழும்பினேன். உயிரோடு இருந்தேன். உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தது. அப்பாடா, விட்டுத் தொலைந்தது என்று சமையலறைக்குப் போய்க் கோப்பி போட்டேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு கோசிகா வந்தாள்.

“அப்பா, அம்மா வேலைக்குப் போகேல்லையா?”

“போயிட்டா. எட்டு மணிக்குத்தான் வருவா.”

அவள் முகம் மாறியது.

“ரெண்டு மணிபோலை நீங்கள் தட்டினது சுவருக்காலை கேட்டது. பிறகு நிண்டிட்டுது. பயத்திலை ஓடி வந்தன். கதவைத் திறக்கப் போக... கடைசித் தட்டும் கேட்டது. அம்மா போடுற மாதிரியே. அதுதான் நான் திரும்பிப் போய்ப் படுத்தனான்.”

கோப்பையை மேசையில் வைத்தேன்.

“பிறகு?”

“பிறகு உங்கடை அறைக்குள்ளை ஒரு சத்தம், அப்பா. கதிரை மடியிற மாதிரி.”

எங்கள் வீட்டில் மடியும் கதிரை ஒன்றுகூட இல்லை.