படையலுக்கு முந்தின தட்டு

ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஆடி வெள்ளி சமையல் ஷோபாவுடையதுதான். சர்ச்சுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அம்மா சொன்ன வேலையை அவள் தட்டியதில்லை. சாமிக்குப் படைத்ததை மட்டும் வாயில் வைக்கமாட்டாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பட்டினி கிடப்பாள்.

அம்மா கங்கம்மாவோ, படைக்கும் முன் உப்புப் பார்க்கக்கூட யாரையும் விடாதவள். இந்த வருஷம் கற்பூரம் ஏற்றுமுன் அவளே சோறும் குழம்பும் வடையும் ஒரு தட்டில் எடுத்து அடுப்பங்கரையில் மூடி வைத்தாள்.

"சாமிக்கு இன்னும் காட்டல. அந்தப் பாவம் என்னோட போவட்டும். பரிமாறறத நான் பாத்துக்கறேன், நீ துன்னு," என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

கூடத்தில் இலை போட்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷோபா அடுப்பங்கரையில் கண்மூடி ஜெபித்துவிட்டுத் தட்டைத் திறந்தாள். பட்டினி கிடந்த ஆடிகளில், பரிமாறுகிற சாக்கிலாவது அவர்கள் நடுவில் இருந்தாள்.