மீனின் கண்

பிச்சாட்டூர் டேமில் தண்ணீர் வற்றிய கோடை அது. எனக்குப் பத்து வயது. பட்டணத்திலிருந்து நாலு பேர் வந்து, வெடித்துக் கிடந்த தரையில் கல் அடுக்கி ஒரு மீன் செய்தார்கள். கிட்டே நின்றால் வெறும் கல். எதிர்க் குன்றில் ஏறினால்தான் மீன். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா அங்கே கல் அடுக்கும் கூலிக்குப் போனார். ஊரே மீனைப் பார்த்துவிட்டு வந்தது. அம்மாவையும் என்னையும் மட்டும் அவர் கூட்டிப்போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், டிராக்டர்காரர் மகள், டைலர் மகள் மூன்று பேரும் புளிசோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். வெயிலில் நடந்து போய்க் குன்றில் ஏறினோம். மீன் வாலை வளைத்துப் படுத்திருந்தது.

"அத்தினியும் எங்க டிராக்டர்ல வந்த கல்லு. கரையில கெடந்ததெல்லாம் எங்க நைனா அள்ளிக்கினு வந்தாரு" என்றாள் டிராக்டர்காரர் மகள்.

"அப்ப மீனைப் பெத்ததே உங்க நைனாதான்" என்றாள் டைலர் மகள். சிரித்தோம்.

இறங்கிக் கிட்டே போனோம். கண் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு கல். அதில் நீல பெயிண்டில் ஒரு கோடு. அது நான் போட்ட கோடு.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், பதினோரு நாள். பேர்கூட வைக்கவில்லை. பச்சைக்குழந்தையை எங்களில் எரிப்பதில்லை. டேம் கரையில் புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க நைனா மேலே ஒரு கல்லை வைத்தார். அடுத்த பொங்கலுக்குப் பால் ஊற்றப் போன அம்மா, எந்தக் கல் என்று தெரியாமல் நின்றாள். வீட்டுக் கதவுக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருந்தது. நான் கொண்டுபோய்க் கோடு போட்டேன்.

"இது எங்க தம்பி கல்லுடி. கொண்டுபோய் வெக்கணும். ஒரு கை பிடிங்க."

டைலர் மகள் பின்னால் நகர்ந்தாள். "பொணத்து மேல இருந்ததா? நான் தொடமாட்டேன்."

"கண்ணை எடுத்தா எங்க நைனாவைத்தான் கேப்பாங்க" என்றாள் மற்றவள்.

தனியாக உருட்டினேன். நகம் பெயர்ந்தது. கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கல்லும் இல்லை. டிராக்டர் சக்கரத் தடம்தான் இருந்தது. தம்பி எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தேன். பிறகு கல்லைத் திரும்ப உருட்டி வந்து மீனின் கண்ணிலேயே வைத்தேன். அதற்குள் அவர்கள் என் பங்குச் சோற்றையும் தின்றுவிட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் நைனா கேட்டார்.

"மீன் பாக்கப் போனியாமே?"

"ம்."

"கண்ணு இருக்குதா?"

"இருக்குது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழை வந்தது. டேம் நிரம்பி மீன் உள்ளே போயிற்று. கரையும் முழுகிப்போயிற்று. பொங்கலுக்கு அம்மா பாலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "தண்ணி நிக்குது, கல்லு தெரியாது. தண்ணியிலயே ஊத்திட்டு வா" என்று நைனா, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். அவளும் அப்படியே ஊற்றினாள்.

அத்தனை கல் இருக்க, நைனா கண்ணை மட்டும் ஏன் விசாரித்தார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அதை அந்த இடத்தில் எந்தக் கை வைத்திருக்கும் என்றும் தோன்றவில்லை.