கதவில் தொங்க வேண்டிய நான்கு வாரங்கள்

காலை ஏழு மணி நாற்பது. கடைக் கதவின் கண்ணாடியில் ஒட்டுநாடாவின் நான்கு துண்டுகள் மட்டும் இருந்தன. அவை பிடித்திருக்க வேண்டிய காகிதத்தைக் காணவில்லை.

ஜெர்மனியில், ஹம் நகரிலிருந்து ரயிலில் அரை மணித் தூரத்தில் இருந்த சிறிய ஊர் அது, எழுபதுகளின் கடைசி. முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடை திறக்க முயன்றுகொண்டிருந்தார். பியர் இல்லாத சாப்பாட்டுக் கடைக்கு அந்த ஊரில் யாரும் வரமாட்டார்கள். பியர் விற்க அனுமதி கேட்டவர், அந்தச் செய்தியை அறிவித்தலாக நான்கு வாரம் கடை வாசலில் தொங்கவிட வேண்டும். ஆட்சேபம் உள்ள அயலவர்கள் அதற்குள் எழுதலாம். கட்டடச் சொந்தக்காரர் மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. நான்கு வாரம் முடிய ஆறு நாள் இருந்தது. மாதம் முடிய ஒன்பது நாள்.

எட்டு மணிக்கு அண்ணை வந்தார். கோட்டுக்குள் இருந்து ஒரு கோப்புறையை எடுத்தார். அறிவித்தல் அதற்குள் மடிப்பில்லாமல் இருந்தது.

"ஏன் அண்ணை கழட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"சீல் குத்தின பேப்பர், தம்பி. போறவன் வாறவன் எல்லாம் தொடுற இடத்திலை விடேலுமே? பின்னேரம் கழட்டிக்கொண்டு போவன். காலமை வந்து ஒட்டுவன்."

"எத்தினை நாளா?"

"முதல் நாளிலையிருந்து. சனி ஞாயிறு வீட்டை, அலுமாரிக்குள்ளை."

ஒரு துறைமுகத்தில் கடற்பயணப் பத்திரத்தைத் தொலைத்து, மூன்று நாள் ஒரு அறைக்குள் மறியலில் அடைபட்டிருந்தவர் அவர். அதன் பிறகு முத்திரையுள்ள எந்தக் காகிதத்தையும் அவர் வெளியே விட்டதில்லை. அறிவித்தலை அவருக்கு வாசித்துச் சொன்னவன் நான். பத்திரிகையில் ஒப்புநோக்கிய பழக்கத்தில் திகதிகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். இரவும் பகலும் தொங்க வேண்டும் என்ற வரியை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டெர்மின், அதாவது சந்திக்க நாளும் நேரமும், எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். கடைக்கு மேல்மாடியில் இருந்த பெண்மணி எழுதிய தாளை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பெண்மணி வேலையிலிருந்து மாலை ஆறு மணிக்கு வருபவர். எந்த எந்த நாள் வாசிக்க நின்றார், எந்த எந்த நாள் கதவு வெறுமையாக இருந்தது என்று ஒழுங்காகக் குறித்திருந்தார். கடை வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. வாசிக்கக் கிடைக்கவில்லை என்பதுதான் முறைப்பாடு.

கட்டடச் சொந்தக்காரர் கொடுத்த தவணையைச் சொன்னேன். பகலில் வாசித்தவர்களும் இருப்பார்களே என்றேன். அதிகாரி தலையசைத்தார். புதிய தாளில், புதிய திகதியுடன், நான்கு வாரம் முதலிலிருந்து தொடங்கும் என்றார்.

படியிறங்கும்போது அண்ணை சொன்னார்: "பேப்பரைத் துலைச்சவனுக்கும் மறியல். காப்பாத்தினவனுக்கும் மறியல். இனி நான் என்னத்தைச் செய்யிறது?"

"சொந்தக்காரரிட்டை ஒருக்காக் கேப்பம், அண்ணை."

"நீர் கேளும். உமக்குத்தான் வாசிக்கத் தெரியும்."

சொந்தக்காரரிடம் கேட்டேன். வேறு ஒருவர் காத்திருக்கிறார், தான் சொன்னது சொன்னதுதான் என்றார்.

அண்ணை விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கவில்லை. புதிய தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டினார். மாதம் முடிந்து சாவியைக் கொடுத்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

நான்கு வாரம் முடிந்ததும் அலுவலகம் அவருக்கு எழுதியது: எவரிடமிருந்தும் ஆட்சேபம் வரவில்லை. அப்போது அந்த இடத்தில் சப்பாத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.