கரும்பலகையில் என் கடைசி நாள்

சம்பளம் பேசியது வட்ஸ்அப்பில். ஊர்ச் சங்கத்து அண்ணை ஒருவர் ரொறன்ரோவில் காரை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், சரவணையில், வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு சேர்த்து நடத்தும் சின்ன மருந்தகம் ஒன்றுக்கு ஒரு மாதத்துக்கு டொக்டர் தேவையாம்.

"சம்பளம் நாட்கணக்கு, தங்கச்சி. வேலை செய்த நாளுக்குத்தான்," என்றார்.

"போயா லீவு நாளுக்கு?"

"போயாவுக்குப் பூட்டு."

"எனக்குக் காய்ச்சல் வந்தால்?"

"அண்டைக்கும் பூட்டுத்தானே."

வேறு என்ன வசதி என்று கேட்டேன். அறை இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு இருக்கிறது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி இல்லை, கடற்காத்து இருக்கு," என்றார். காற்றையும் சம்பளத்தோடு சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சிரித்துக்கொண்டே ஓம் என்றேன்.

லண்டனுக்குப் போகிற எண்ணத்தில் அரசாங்க வேலையை விட்டவள் நான். பரீட்சை எல்லாம் பாஸ். விசாதான் இரண்டு வருடமாக இழுபடுகிறது. அதுவரை மற்றவர்களின் கதிரைகளில் இருந்து வேலை பார்க்கிறேன். யாராவது பிரசவ லீவில் போவார்கள், யாராவது கனடாவில் மகளைப் பார்க்கப் போவார்கள், நான் போய் இருப்பேன். பென்சன் இல்லை, சம்பள உயர்வு இல்லை, லீவு எடுத்தால் அன்றைய காசு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அம்மா என் காதைத் தின்கிறார். ஆனால் எந்த நியமனக் கடிதத்திலும் எழுதாத ஒரு வசதி இதில் உண்டு. பிடிக்காவிட்டால் போகலாம். பிடித்திருந்தாலும் போகலாம். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத எனக்கு அது பெரிய சம்பளம். போன இடம் எதிலும் உடுப்பைப் பையிலிருந்து எடுத்து அலுமாரியில் வைத்ததில்லை.

ஸ்கூட்டரின் முன்பக்கம் அந்தப் பையை வைத்துக்கொண்டு, மண்கும்பானைத் தாண்டி ஒரு திங்கட்கிழமை காலை போய் இறங்கினேன். மருந்தகத்தில் இரண்டு அறைகள், வருத்தக்காரர் இருக்க ஒரு வாங்கு, மருந்து கட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர். மருந்து உறைகளில் எத்தனை வேளை என்பதை மொத்த முனையுள்ள கறுப்புப் பேனையால் எழுதுவார். மழைத் தண்ணி பட்டாலும் அழியாது என்று அந்தப் பேனையைப் பற்றி அவருக்குப் பெருமை.

முதலாவதாக வந்த இருமல்காரர் கதிரையில் இருக்கு முன்பே கேட்டார்: "எத்தினை நாளைக்கு வந்தனீங்கள்?"

இரண்டாவது ஆளும் அதையே கேட்டார். மூன்றாவது ஆளும். பத்து மணிக்கு அக்கா எழும்பிப் போய், வெளிச்சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் சோக்கால் எழுதினார்: டொக்டர் 28ஆம் திகதி வரை.

"எல்லாரும் கேட்கினம். பதில் சொல்லி வாய் நோகுது," என்றார்.

மூன்று கிழமை காய்ச்சல், தடிமல், கால் உளைவு. வேறொன்றும் இல்லை. இந்த ஊரில் ஒருவருக்கும் பெரிய வருத்தமே வராதா? எனக்கு அலுத்துவிட்டது. வெளியில் போய் நிற்பேன், உள்ளே வருவேன், போனைப் பார்ப்பேன். கடைசியில் அக்காவிடமே கேட்டேன்.

"நீங்கள் போற ஆள்தானே டொக்டர்," என்றார் அவர், குளிசை எண்ணிக்கொண்டே. "போற ஆளுக்குக் காய்ச்சலைக் காட்டுவினம். பெரிசை வைச்சிருப்பினம், நிக்கிற ஆள் வரட்டும் எண்டு."

"நிக்கிற ஆள் எப்ப வந்தவர்?"

"இன்னும் வரேல்லை."

அதே கிழமை கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மாதம், இரண்டு மடங்கு சம்பளம், சாப்பாடு, ஏசி போட்ட அறை. அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே ஓம் என்றுவிட்டேன். அன்றைக்கே பையைக் கட்டி வைத்தேன். கட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இருபத்தைந்தாம் திகதி ஓர் அம்மா வந்தார். மாடு வளர்ப்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த மாதத்தில் நாலாவது முறை இருமலுக்கு வருகிறார். நான் ஒரு முறைகூட அவர் இருமிக் கேட்டதில்லை. மருந்தை வலது கையால் வாங்கினார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

"அந்தக் கைக்கு என்ன அம்மா?"

"ஒண்டுமில்லை. நிக்கிற டொக்டர் வரட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. "நிக்கிற டொக்டர் வரமாட்டார். என்னட்டைச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மூண்டு பேருக்குச் சட்டையைக் கழட்டிக் காட்டினனான், பிள்ளை. ஒருத்தர் இரத்தம் சோதிச்சுக் கொண்டுவாங்கோ எண்டார். கொண்டு வந்தன், அவர் இல்லை. மற்றவ ஒரு மாதம் பாப்பம் எண்டா. அவவும் இல்லை. பிறகு வந்தவர் முதல்ல இருந்து கேட்டார். நாலாவது ஆளுக்கும் கழட்ட எனக்கு ஏலாது."

கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மூன்று பேரும் என்னைப் போன்றவர்கள்தான். நாட்சம்பளத்துக்கு வந்து, நாள் முடிய ஒழுங்காகப் போனவர்கள்.

எழும்பி வெளியே போய், பலகையில் இருந்த திகதியை உள்ளங்கையால் அழித்தேன். சோக்குக் கையோடு உள்ளே வந்து, "அழிச்சிட்டன். இனிக் காட்டுங்கோ," என்றேன். நிற்பேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் அது பொய் இல்லை என்று ஆகிவிடாது.

இடது மார்பில் கட்டி, தேசிக்காய் அளவு. ஒரு வருடத்துக்கு முதல் புளியங்கொட்டை போல இருந்தது என்றார். அங்கிருந்தே யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இருக்கும், என்னோடு படித்த ஒருத்திக்குப் போன் எடுத்து, அடுத்த செவ்வாய்க்கு நாள் வாங்கிக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பொலித்தீன் பையில் மடித்து வைத்தார்.

"அவை தாற முடிவை இஞ்சதான் கொண்டருவன்."

"கொண்டு வாங்கோ," என்றேன்.

இருபத்தெட்டாம் திகதி நான் போய்விட்டேன்.

கொழும்பில் எல்லாம் அவர்கள் சொன்னபடியே இருந்தது. சாப்பாடு மேசைக்கு வந்தது. ஏசிக் குளிரில் போர்த்திக்கொண்டு படுத்தேன், நித்திரை வரவில்லை. நோயாளர் விடுதியில் நடக்கும்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளை எண்ணினேன். மூன்றாவது செவ்வாய் கழிந்து அக்கா போன் எடுத்தார்.

"அவ முடிவோட வந்தவ டொக்டர். புது டொக்டர் நல்ல பிள்ளைதான், தாங்கோ எண்டு கேட்டவர். குடுக்கமாட்டனெண்டிட்டா. மூண்டு நாளா வந்து வாங்கில இருக்கிறா. போர்ட்டில அவற்றை திகதி போட்டிருக்கு, அதைப் பாக்கிறா, எழும்பிப் போறா."

கொழும்பில் ஒரு நாள் லீவு கேட்டேன். அன்றைய காசு வெட்டப்படும் என்று சொன்னார்கள். எனக்குத் தெரியாததா? இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, வீட்டில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மண்டைதீவுச் சந்தியைத் தாண்டும்போது, அவர் ஏசினால் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அவர் ஏசவில்லை. வாங்கில் இருந்தபடியே பொலித்தீன் பையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"எத்தினை நாளைக்கு வந்தனீங்கள்?"

இந்த முறை உண்மையைச் சொன்னேன். "இண்டைக்கு மட்டும்தான் அம்மா. பின்னேரம் பஸ்."

"அப்ப கெதியாப் பாருங்கோ," என்று கடிதத்தைத் தந்தார்.

புற்றுநோய். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. ஒப்பரேசனுக்கு அடுத்த வியாழக்கிழமை திகதி கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அவருக்கு விளங்கும்படி இரண்டு முறை சொன்னேன்.

"வெட்டினா இருப்பனோ?"

"இந்தத் திகதியை விட்டிடாமப் போனால், இருக்கலாம் அம்மா."

"நீங்கள் நிப்பியளோ அண்டைக்கு?"

வியாழன் என்றால் இன்னும் ஒரு நாள் சம்பளம் போகும். ஒரே மாதத்தில் இரண்டு முறை லீவு கேட்டால் அந்த வேலையே போகலாம். அவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"வாறன்," என்றேன்.

அவர் கடிதத்தைத் திரும்பப் பொலித்தீன் பையில் வைத்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு உள்ளே பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.

"டொக்டர் வியாழக்கிழமை வருவா எண்டு எழுதி விடுங்கோ."

அக்கா சோக்கை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

"அதில வேண்டாம்," என்றார் அந்த அம்மா. "சோக்கு கையால அழியும். உங்கட கறுப்புப் பேனையால சுவரில எழுதுங்கோ."